திரை உறைந்தால் 'போர்டு போச்சு' என்று அர்த்தமா? லினக்ஸ் கணினியில் கிராபிக்ஸ் மெமரி எர்ரர்... கடைக்கு ஓடும் முன் பார்க்க வேண்டியவை!

நாளை காலை ப்ராஜெக்ட் ரிவ்யூ. குரோம்பேட்டையில் ஒரு மாடி வீட்டு அறையில், இரவு 11 மணிக்கு ஓர் இன்ஜினியரிங் மாணவி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரவுசரில் இருபது டேப். ஓரத்தில் ஒரு வீடியோ. பின்னால் ப்ராஜெக்ட் புரோகிராம் ஓடுகிறது. திடீரென்று திரை அப்படியே உறைந்து நிற்கிறது. மவுஸ் நகரவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்தால் பத்தே நிமிடத்தில் அதே கதை. நடுவில் ஒருமுறை 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி மட்டும் கண்ணில் பட்டு மறைகிறது.

மறுநாள் சர்வீஸ் கடை. "கிராபிக்ஸ் போயிருச்சும்மா, போர்டு மாத்தணும்" என்கிறார் கடைக்காரர். "வேற வழியே இல்லையாண்ணா?" என்று கேட்டால், "ஓஎஸ்ஸை அழிச்சிட்டு புதுசா போட்டுப் பார்க்கலாம். ஆனா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்" என்று பதில் வருகிறது.

ஒரு வழியில் பணம் போகும். இன்னொரு வழியில் பல மாத உழைப்பு போகும். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதற்கு பைசா செலவில்லை. திரை ஏன் உறைந்தது என்பதை லினக்ஸ் கணினி பெரும்பாலும் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். அதைப் படித்துப் பார்ப்பதுதான் அந்த வேலை.

ஏனென்றால், 'கிராபிக்ஸ் மெமரி எர்ரர்' என்பது ஒரே நோய் அல்ல. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. சளிக்கும் காய்ச்சல் வரும், டெங்குவுக்கும் வரும். எது என்று பார்க்காமல் மருந்து கொடுக்க முடியாது.

தாம்பரம் பக்கம் லினக்ஸ் எங்கிருந்து வந்தது?

லினக்ஸ் என்பது யுனிக்ஸ் பாணியில் உருவான, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய ஆபரேட்டிங் சிஸ்டம். தென் சென்னை புறநகருக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு.

கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை மத்திய அரசு 2005ல் சென்னையில் அமைத்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து அதை நடத்தின. அந்த முயற்சியில் பிறந்ததுதான் 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்', சுருக்கமாக பாஸ் லினக்ஸ். டெபியன் என்ற உலகளாவிய லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட இதன் முதல் பதிப்பு 2007ல் வெளியானது.

அடுத்து, 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் வின்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. கணினியை முதன்முதலில் கையில் வாங்கிய பல மாணவர்கள், லினக்ஸ் என்ற பெயரையே அதில்தான் முதலில் பார்த்தார்கள்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. வின்டோஸ் 11ஐப் போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. அந்தக் கணினிகளைத் தூக்கிப் போட மனசில்லாதவர்கள் உபுண்டு, மின்ட், டெபியன் என்று லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். பழைய ஹார்ட்வேரில் புதிய ஓஎஸ் ஏறும்போது முதலில் மக்கர் செய்யும் பாகங்களில் ஒன்று கிராபிக்ஸ்.

கிராபிக்ஸ் மெமரி... அப்படின்னா என்ன?

திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணினி எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். 1920க்கு 1080 என்ற முழு எச்டி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று கணக்கு போட்டால், ஒரே ஒரு திரைப் படத்துக்கு சுமார் 8 எம்பி. இது சின்ன தொகைதான். ஆனால் திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும், ஒவ்வொரு டேபில் உள்ள படங்களுக்கும், ஓடும் வீடியோவுக்கும் தனித்தனியாக இடம் வேண்டும். 12 மெகாபிக்சல் செல்போன் போட்டோ ஒன்றைத் திறந்தால், விரித்து வைக்க அதற்கு மட்டும் சுமார் 48 எம்பி தேவை.

இந்த இடம் எங்கே இருக்கிறது? இரண்டு விதம்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி, சொந்தமாக சம்ப் வைத்திருக்கும் தனி வீடு மாதிரி. கார்டிலேயே 2 ஜிபி, 4 ஜிபி என்று அதற்கென மெமரி இருக்கும். இதை 'விரேம்' என்கிறார்கள்.

பெரும்பாலான லேப்டாப்களில் அப்படி இல்லை. பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸும் சேர்ந்து இருக்கும். இது ஒண்டுக்குடித்தனம். ஒரே தண்ணீர்த் தொட்டியைத்தான் எல்லாக் குடித்தனமும் பகிர வேண்டும். கணினியின் பொதுவான ரேமில் இருந்துதான் கிராபிக்ஸும் எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி ரேம் இருக்கிறது என்று ஸ்டிக்கரில் போட்டிருந்தாலும், புரோகிராம்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

இதற்கு நடுவில் நிற்பவர்தான் டிரைவர். புரோகிராம் "எனக்கு இவ்வளவு இடம் வேணும்" என்று கேட்கும். டிரைவர் இருக்கிற இடத்தைப் பார்த்து ஒதுக்கிக் கொடுக்கும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். இன்டெல்லுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டி-ஜிபியு, என்விடியாவுக்கு அந்த நிறுவனமே தரும் டிரைவர் அல்லது 'நூவோ' என்ற திறந்தநிலை டிரைவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு. கொடுக்கல் வாங்கலில் எங்கே சிக்கல் வந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: உறைந்த திரை.

திரை உறைந்துவிட்டது. உடனே என்ன செய்யலாம்?

பவர் பட்டனை உடனே அழுத்த வேண்டாம். திரை நின்றுபோனதாலேயே கணினி முழுவதும் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை.

முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் சேர்க்க வேண்டும். படம் எதுவும் இல்லாத, எழுத்து மட்டுமே தெரியும் ஒரு கறுப்புத் திரை வந்தால் நல்ல செய்தி. கணினி உயிரோடு இருக்கிறது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய், 'டாப்' என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்த புரோகிராம் மெமரியைத் தின்கிறது என்று தெரியும். அதை மட்டும் நிறுத்திவிட்டு வேலையைத் தொடரலாம்.

அதுவும் வரவில்லை என்றால், ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் பட்டனையும் அழுத்திப் பிடித்தபடி எஸ், யு, பி என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக, சில விநாடி இடைவெளி விட்டு அழுத்தலாம். நினைவில் உள்ளதை டிஸ்க்கில் எழுது, டிஸ்க்கைப் பாதுகாப்பாக மூடு, ரீஸ்டார்ட் செய் என்று மூன்று உத்தரவுகள் அவை. உபுண்டு, டெபியன் வகைகளில் இவை வழக்கமாகவே இயங்கும். வலுக்கட்டாயமாக ஆஃப் செய்வதைவிட இது ஃபைல்களுக்குப் பாதுகாப்பு.

ரீஸ்டார்ட் ஆனதும் முதல் வேலை, ப்ராஜெக்ட் ஃபைல்களை பென் டிரைவில் காப்பி எடுப்பது. சோதனை எல்லாம் அப்புறம்தான்.

கணினியின் டைரியைப் படிப்பது எப்படி?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், நடப்பது எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்து வைக்கும். அதைப் பார்க்க டெர்மினலைத் திறந்து, டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்ய வேண்டும். அனுமதி இல்லை என்று வந்தால் முன்னால் 'சூடோ' சேர்க்க வேண்டும்.

ஆனால் இது இப்போதைய ஓட்டத்தின் குறிப்பு மட்டுமே. ரீஸ்டார்ட் செய்துவிட்டால், உறைந்தபோது நடந்தது அதில் இருக்காது. அதற்கு 'ஜர்னல்சிடிஎல்' என்ற கட்டளை. அதன் பின்னால் இடைவெளி விட்டு -கே, -பி, -1 என்ற மூன்றையும் சிறிய ஆங்கில எழுத்தில் சேர்த்தால், முந்தைய ஓட்டத்தின் கெர்னல் குறிப்புகள் வரும். ஷிஃப்ட்டோடு ஜி பட்டனை அழுத்தினால் கடைசி வரிகளுக்குப் போகலாம். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடைசியில் ஒன்றுமே இல்லாமல் குறிப்பு பாதியில் நின்றிருந்தால், அதுவும் ஒரு தகவல்தான். எழுதக்கூட நேரமில்லாமல் கணினி நின்றிருக்கிறது. மின்சாரம், சூடு போன்ற காரணங்களைச் சந்தேகிக்கலாம்.

எந்த கார்டு, எந்த டிரைவர் என்று தெரியாதவர்கள், எல், எஸ், பி, சி, ஐ என்ற எழுத்துகளைச் சேர்த்து, இடைவெளி விட்டு -கே கொடுக்கலாம். வரும் பட்டியலில் 'விஜிஏ' அல்லது '3டி கன்ட்ரோலர்' என்ற வரியின் கீழே, எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று போட்டிருக்கும்.

சரி, டைரியில் என்ன எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? முக்கியமாக நான்கு வகை.

1. நிஜமாகவே மெமரி நிரம்பிவிட்டது

'அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்' என்ற வரி இருந்தால், கணினியின் பொது ரேம் தீர்ந்துவிட்டது. ஒண்டுக்குடித்தனத் தொட்டி காலி. மொத்த கணினியும் சாய்ந்துவிடாமல் இருக்க, அதிக இடம் பிடித்திருக்கும் புரோகிராமைத் தேடி கெர்னலே நிறுத்தியிருக்கிறது. அந்த வரியிலேயே நிறுத்தப்பட்ட புரோகிராமின் பெயரும் இருக்கும். பலருக்கு அது பிரவுசராகத்தான் இருக்கும்.

ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ள கணினியில் 'நாட் எனஃப் மெமரி ஃபார் கமாண்ட் சப்மிஷன்' என்ற வரி வரலாம். கிராபிக்ஸுக்குத் தேவையான இடத்தை டிரைவரால் ஒதுக்க முடியவில்லை என்று அர்த்தம்.

இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. இடம்தான் பற்றவில்லை. என்ன செய்யலாம்?

டேப்களைக் குறைப்பது, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய டெஸ்க்டாப்புக்கு மாறுவது முதல் படி. அடுத்தது 'சீரேம்'. பீக் அவரில் தாம்பரம் மின்சார ரயிலில் நெருக்கி நின்று இன்னும் பத்து பேருக்கு இடம் கொடுப்பது போல, ரேமில் உள்ள தகவலைச் சுருக்கி வைத்து கூடுதல் இடம் உண்டாக்கும் வசதி இது. ஃபெடோரா லினக்ஸ் 2020ல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து இதை வழக்கமாகவே இயக்கி வைத்திருக்கிறது. மற்றவற்றில் நாமே போட்டுக்கொள்ளலாம்.

லேப்டாப்பில் காலி ரேம் ஸ்லாட் இருந்தால், போர்டு மாற்றும் செலவை யோசிப்பதற்கு முன் ஒரு ரேம் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு ரேம் சேர்ந்து ஓடும்போது பகிர்ந்து வாழும் கிராபிக்ஸுக்கு வேகமும் கூடும்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறும் இருக்கிறது. பயாஸில் போய், கிராபிக்ஸுக்கான ஒதுக்கீட்டை 512 எம்பியிலிருந்து 2 ஜிபியாக ஏற்றிவிடுவார்கள். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் சில கேம்களுக்கு இது உதவலாம். ஆனால் 4 ஜிபி கணினியில் இது ஆபத்து. பயாஸில் ஒதுக்கிய இடம் ஒதுக்கியதுதான், காலியாகக் கிடந்தாலும் மற்ற புரோகிராம்கள் தொட முடியாது. டிரைவரோ, தேவைப்பட்டால் பொது ரேமில் இருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளத் தெரிந்ததுதான். அதனால் சின்ன ரேம் உள்ளவர்கள் இந்த ஒதுக்கீட்டைக் குறைவாக வைப்பதே நல்லது.

வேலை ஏதும் கூடாமலேயே மணிக்கு மணி மெமரி உபயோகம் ஏறிக்கொண்டே போகிறதா? அது 'மெமரி லீக்'. ஏதோ ஒரு புரோகிராம் வாங்கிய இடத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த புரோகிராமையும், 'மேசா' என்ற கிராபிக்ஸ் மென்பொருள் தொகுப்பையும் அப்டேட் செய்து பார்க்க வேண்டும்.

2. புரோகிராம் கேட்பதே அதிகம்

ஏஐ ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் அடிக்கடி பார்ப்பது 'கூடா அவுட் ஆஃப் மெமரி'. இது டிரைவர் கோளாறு அல்ல. 4 ஜிபி விரேம் உள்ள கார்டிடம் 6 ஜிபி கேட்டால் வரும் பதில்.

ஒரே தடவையில் அனுப்பும் தரவின் அளவை, அதாவது பேட்ச் சைஸை, பாதியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன், 'என்விடியா-எஸ்எம்ஐ' என்ற கட்டளையைக் கொடுத்தால் விரேமை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நேற்று திறந்து, மூட மறந்த ஜூபிடர் நோட்புக் ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது சகஜம். அதை நிறுத்தினாலே இடம் கிடைக்கும்.

கேம், 3டி மென்பொருள்களில் வரும் வல்கன் எர்ரரில் ஒரு வார்த்தையை மட்டும் கவனியுங்கள். 'அவுட் ஆஃப் டிவைஸ் மெமரி' என்றால் கிராபிக்ஸ் பக்கம் இடமில்லை. 'அவுட் ஆஃப் ஹோஸ்ட் மெமரி' என்றால் பொது ரேமில் இடமில்லை. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

3. டிரைவரும் கெர்னலும் ஒத்துப்போகவில்லை

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, அப்டேட் போட்டதும் போச்சு" என்பவர்கள் பார்க்க வேண்டியது இந்தப் பகுதி.

என்விடியா கார்டு உள்ள கணினியில் 'ஏபிஐ மிஸ்மேட்ச்' அல்லது 'டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று வந்தால் பதற வேண்டாம். டிரைவரின் ஒரு பாதி புதிதாகிவிட்டது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு பாதி பழையதாகவே இருக்கிறது. உபுண்டு பின்னணியில் தானாக அப்டேட் செய்யும்போது இது நடக்கும். பெரும்பாலும் ஒரு ரீஸ்டார்ட் போதும்.

'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி டிரைவரை உள்ளே விடவில்லை. டிரைவர் போட்டபின் முதல் ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். டிரைவரை மறுபடி நிறுவி, அந்தத் திரையில் 'என்ரோல்' கொடுத்தால் சரியாகிவிடும்.

அப்டேட்டுக்குப் பின் கறுப்புத் திரை மட்டுமே வருகிறதா? ஆன் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் சரியாக வந்தால், புதிய கெர்னலோடு டிரைவர் ஒத்துப்போகவில்லை என்பது உறுதி. அதுவும் வரவில்லை என்றால், அதே மெனுவில் இ பட்டனை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற வார்த்தையை ஆங்கிலத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல் சேர்த்து, எஃப்10 அழுத்த வேண்டும். கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கி வைத்துவிட்டு, எளிமையான முறையில் திரையைக் காட்டும். வேகமும் அழகும் இருக்காது. ஆனால் ஃபைல்களை எடுக்கவும், டிரைவரைச் சரிசெய்யவும் அது போதும்.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இன்னொன்று. தாம்பரத்திலிருந்து ரயிலேறி ரிச்சி தெரு போய் வாங்கி வந்த செகண்ட் ஹேண்ட் கார்டு நல்லபடியாகவே இருக்கலாம், ஆனால் அதற்கான டிரைவரின் ஆயுள் முடிந்திருக்கும். என்விடியா தன் 390 வரிசை டிரைவருக்கான ஆதரவை 2022 இறுதியிலும், 470 வரிசைக்கான ஆதரவை 2024லும் நிறுத்திவிட்டது. பரவலாகப் பயன்பாட்டில் உள்ள ஜிடி 710 கார்டுக்குக் கடைசியாகக் கிடைப்பது இந்த 470தான். ஜிடி 730 இன்னும் குழப்பம். ஒரே பெயரில் இரண்டு தலைமுறை சிப்கள் விற்கப்பட்டன. ஒன்றுக்கு 390, இன்னொன்றுக்கு 470.

புதிய கெர்னல் மேல் பழைய டிரைவரைக் கட்ட முடியாமல் போகும்போது, கார்டு செத்துப்போனது போலவே தெரியும். உண்மையில் கார்டு சாகவில்லை. நூவோ டிரைவருக்கு மாறலாம், அல்லது நீண்டகால ஆதரவு உள்ள பழைய கெர்னலிலேயே தங்கலாம். வேகம் குறையும், ஆனால் அன்றாட வேலை நடக்கும்.

என்விடியா மட்டும் ஏன் இப்படி? டிரைவரின் உள்விவரத்தை அந்த நிறுவனம் நீண்டகாலம் வெளியிடவில்லை. 2012ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமரா முன்னாலேயே நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2022 மே மாதம்தான் தன் டிரைவரின் கெர்னல் பகுதியை என்விடியா திறந்தநிலையில் வெளியிட்டது. அதுவும் ஓரளவு புதிய கார்டுகளுக்கு மட்டுமே. இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டியும் லினக்ஸின் இந்த டிரைவர்களையே தனக்கேற்ப மாற்றிப் பயன்படுத்துகிறது.

4. நிஜமாகவே ஹார்ட்வேர் கோளாறு

கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கும் நேரமும் உண்டு. அதற்கும் டைரியில் அடையாளம் இருக்கும்.

என்விடியா டிரைவர் 'எக்ஸ்ஐடி' என்ற பெயரில் எண் போட்டு எழுதும். 31 என்றால் மெமரியில் தவறான இடத்தைத் தொட முயன்றிருக்கிறது. பெரும்பாலும் புரோகிராமின் தவறு. 79 என்றால் கார்டுக்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பே அறுந்துவிட்டது. சூடு, பவர் சப்ளை, ஸ்லாட்டில் சரியாக உட்காராத கார்டு என்று பார்க்க வேண்டும். 48 என்றால் கார்டின் மெமரியிலேயே திருத்த முடியாத பிழை. இது கவலைப்பட வேண்டிய எண்.

இன்டெல் கணினியில் 'ஜிபியு ஹேங்' என்று வந்தால் அது மெமரி பற்றாக்குறை அல்ல. கிராபிக்ஸ் வேலை நடுவில் சிக்கி நின்றிருக்கிறது. ஏஎம்டியில் 'ரிங் டைம்அவுட்' என்பதும் இதே வகை. எப்போதாவது ஒருமுறை வந்தால் டிரைவர் அப்டேட் போதும். சூடானால் மட்டும், அல்லது ஆன் செய்த உடனே திரும்பத் திரும்ப வந்தால் ஹார்ட்வேரைச் சந்தேகிக்கலாம்.

மே மாத வெயிலில் மின்விசிறி கூட இல்லாத மாடி அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தால் எந்த கிராபிக்ஸும் திணறும். 'சென்சார்ஸ்' என்ற கட்டளை வெப்பநிலையைக் காட்டும். ஃபேனில் அடைந்த தூசியைத் துடைப்பதும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதும் போர்டு மாற்றுவதைவிடச் சின்ன வேலை. மழை வெள்ளத்தில் நனைந்து, காய வைத்துப் பயன்படுத்தும் கணினி என்றால் கதை வேறு. உள்ளே துரு பிடித்திருக்கலாம், அதைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு புரோகிராம் காரணமே இல்லாமல் விழுந்தால், குற்றவாளி கிராபிக்ஸாக இல்லாமல் ரேமாக இருக்கலாம். 'மெம்டெஸ்ட்86+' என்ற இலவச சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டால் தெரிந்துவிடும். ஒரு ரேமைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்துப் பார்ப்பதும் நல்ல வழி.

ஒரே சோதனையில் தெரிந்துகொள்ள முடியாதா?

ஓரளவு முடியும். லினக்ஸும் வின்டோஸும் சேர்ந்திருக்கும் கணினி என்றால், அதே வேலையை இரண்டிலும் செய்து பாருங்கள். இரண்டிலும் உறைந்தால் ஹார்ட்வேர் பக்கம் சந்தேகம் வலுக்கும். லினக்ஸில் மட்டும் உறைந்தால் டிரைவர் பக்கம்.

வின்டோஸ் இல்லாதவர்கள், வேறொரு லினக்ஸ் பதிப்பை பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டிப் பார்க்கலாம். அதில் ஒரு மணி நேரம் பிரச்சனை இல்லாமல் ஓடினால், போர்டு மாற்றும் பேச்சுக்கு அவசரம் இல்லை.

கடைக்குப் போவதென்றால் என்ன கேட்க வேண்டும்?

டைரியின் கடைசிப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "எந்த எர்ரரை வைத்து போர்டு போச்சுன்னு சொல்றீங்கண்ணா?", "வேற ரேம் போட்டுப் பார்த்தீங்களா?", "பென் டிரைவில் பூட் பண்ணிப் பார்த்தீங்களா?" இந்த மூன்று கேள்விகள் போதும். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், அவருக்கும் வேலை சுலபமாகும். ஓஎஸ்ஸை அழித்துப் புதிதாகப் போடச் சம்மதிக்கும் முன், ஃபைல்கள் காப்பி ஆகிவிட்டனவா என்பதை நேரில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டைரியில் உள்ள வரி புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. அந்த வரியை அப்படியே இணையத்தில் தேடினால், அதே வரியால் அவதிப்பட்ட வேறு பலர் கண்ட தீர்வுகள் கிடைக்கும். லினக்ஸ் பற்றித் தமிழிலேயே படிக்க விரும்புபவர்களுக்கு, 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இணைய இதழ் கைகொடுக்கும்.

குரோம்பேட்டை மாணவியின் கதைக்கு வருவோம். 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியை அவர் ஒருமுறை கண்ணால் பார்த்தார். டைரியைத் திறந்திருந்தால், அந்த வரியிலேயே பிரவுசரின் பெயர் இருந்திருக்கும். அதை மூடிவிட்டு ப்ராஜெக்ட்டை மட்டும் ஓட்டியிருந்தால், மறுநாள் காலை அவர் கடையில் நின்றிருக்க வேண்டியதில்லை. ரிவ்யூவில் இருந்திருப்பார்.